கோடு நடந்து போன வெள்ளிக்கிழமை

ஜூலை 9, செவ்வாய். பகலெல்லாம் மழை. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் காவல் நின்றவனிடம் எந்த ஊர் என்று கேட்டுவிட்டேன். கேட்டது தவறு. அவன் சொன்ன பதிலுக்குச் சிரித்தது அதைவிடத் தவறு.

எழுதி முடித்ததும் கெலேபிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தவறு ஒன்றா, இரண்டா? ஒன்று என்றால் ‘சின்ன’ என்று எழுதலாம். இரண்டு என்றால் எழுதலாமா? பேனாவின் முனையைக் கடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எழுதியதை அடிக்கக் கூடாது என்பது அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. அதனால் அப்படியே மூடி வைத்தான். பூட்ஸைப் பற்றி எழுதவில்லை என்பது படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

தொலேவா சின்ன நாடு. ஒரு முனையில் சேவல் கூவினால் மறுமுனையில் இருப்பவன் எழுந்து முகம் கழுவுவான். அந்த நாட்டுக்கு வடக்கே இருந்த ஒரு பெரிய நாடு துறைமுகம் கட்டிக் கொடுத்தது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் தெற்கே இருந்த இன்னொரு பெரிய நாடு, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே விமானத் தளம் போட்டுக் கொடுத்தது. கொடுத்த பிறகு இருவருக்கும் தூக்கம் போய்விட்டது. மற்றவன் வந்து பிடுங்கிக்கொள்வானோ என்று பயம். படையை அனுப்பலாம் என்றால் தொலேவாவின் சட்டத்தில் அந்நியப் படைவீரன் கால் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. படைவீரனாக இருந்து விலகியவன் கால் வைக்கக் கூடாது என்று இல்லை. ஆகவே வடக்கு ஒரு கம்பெனியைப் பிடித்தது, தெற்கு ஒரு கம்பெனியைப் பிடித்தது. இரண்டு கம்பெனிகளும் ஆள் தேடி ஒரே இடத்துக்குப் போயின. ஃபிஜிக்காரர்கள் நன்றாகச் சுடுவார்கள், வெயில் தாங்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்றாகப் பாடுவார்கள். வேறென்ன வேண்டும்?

சீருடை போட்டால் படை மாதிரித் தெரியும் என்பதால் எல்லோருக்கும் பூப்போட்ட சட்டை கொடுத்தார்கள். துறைமுகத்தைக் காப்பவர்களுக்கு நீலப் பூ, விமானத் தளத்தைக் காப்பவர்களுக்குச் சிவப்புப் பூ. தோளில் துப்பாக்கியும் மார்பில் செம்பருத்தியுமாக அவர்கள் நிற்பதைப் பார்த்தால், கல்யாண வீட்டுக்குச் சண்டை போட வந்தவர்கள் மாதிரி இருக்கும். நடுவே ஒரு புல்வெளி. அதன் குறுக்கே நீலப்பூக் கம்பெனி தன் செலவில் மஞ்சள் நைலான் கயிறு ஒன்றை இரண்டு தென்னைமரங்களுக்கு இடையே கட்டியது. அதுதான் எல்லைக்கோடு. கயிற்றுக்கு அந்தப் பக்கத்து ஆளோடு பேசக் கூடாது என்பது இரண்டு கம்பெனிகளின் கையேட்டிலும் முதல் விதி.

வடக்கு நாட்டின் வெளியுறவு அமைச்சகம் மாதம் ஒருமுறை சொல்லும்: “தொலேவாவில் எங்கள் வீரர் ஒருவர்கூட இல்லை.” மறுநாள் தெற்கு நாடும் அதையே சொல்லும். இரண்டும் உண்மைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்புப்பூ ஆள் மட்டும் நின்றான். தொப்பையும் தாடியுமாக இருந்தான். மழைக்கோட்டு இல்லை.

“ஏ நீலப்பூ, உனக்கு மட்டும் கோட்டு குடுத்திருக்காங்க?”

இந்தப் பக்கம் காவல் நின்ற கெலேபி கையேட்டை நினைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

“ஊமையா? உங்க கம்பெனில ஊமையையும் எடுக்கிறாங்களா? எங்க சித்தப்பன் ஒருத்தன் இருக்கான், சொல்லிவிடவா?”

இரண்டு ஃபிஜிக்காரர்கள் எதிரெதிரே நின்றுகொண்டு ஊர் கேட்காமல் இருப்பது, தண்ணீருக்கடியில் மூச்சடக்கி இருப்பது மாதிரி. கெலேபி மூன்று மாதம் அடக்கிவிட்டான். அதற்கு மேல் முடியவில்லை.

“எந்த ஊரு?”

“நகதோவா.”

கெலேபிக்குச் சிரிப்பு பீறிட்டது. “நகதோவாவா! அதான் மூஞ்சி அவிச்ச சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கு.”

தாடிக்காரன் ஒரு நொடி விழித்தான். பிறகு அவன் முகம் முழுவதும் பல்லாயிற்று. “டேய், நீ வைலோலோவா?”

“வைலோலோதான்.”

“அட என் மச்சான்!”

கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்தான். கெலேபியின் மழைக்கோட்டைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டான். கீழே பார்த்தான். “பூட்ஸு நல்லா இருக்கே. கழட்டு.” கெலேபி கழற்றினான். அதையும் மாட்டிக்கொண்டு, “என் பேரு சகேயாசி. நாளைக்கு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். கெலேபி வெறுங்காலோடு மழையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

வைலோலோவுக்கும் நகதோவாவுக்கும் குலசாமி ஒன்று. ஒரே சாமிக்குப் பிறந்த ஊர்களுக்குள் இருக்கும் உறவையும், அந்த உறவுக்காரனையும் தௌவு என்பார்கள். அந்த உறவில் திட்டலாம், தாத்தாவின் தாத்தா வரைக்கும் இழுக்கலாம். எதிராளியின் வீட்டில் எது கண்ணில் பட்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம். பறிகொடுத்தவன் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் கேவலம், அவன் பேரைச் சொல்லி மூன்று தலைமுறைக்குச் சிரிப்பார்கள். தன் முறை வரும்போது போய்த் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும்தான் உரிமை.

புதன்கிழமை காலையில் நீலப்பூக் கம்பெனியின் கெட்டிலைக் காணோம். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காணோம். யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடிக்கும் மரக் கிண்ணத்தைக் காணோம். இரவுச் சோற்றோடு இருந்த பானையையும் காணோம். மேனேஜர் டெல்போர்ட் கன்டெய்னர் அலுவலகத்திலிருந்து அரைச் சவரத்தோடு ஓடி வந்தார். எங்கோ ஒரு ராணுவத்தில் மேஜராக இருந்தவர். இப்போதும் யாராவது மேஜர் என்று கூப்பிட்டால் காது சிவக்கும்.

“ஊடுருவல்! காவல்ல யார் இருந்தது? எத்தனை பேர் வந்தாங்க? என்ன ஆயுதம்?”

காவலில் இருந்தவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். சார்ஜன்ட் அபொரோசா ஒவ்வொருவனாகப் பார்த்துக்கொண்டே வந்து கெலேபியின் வெறுங்காலில் நின்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

“பூட்ஸு எங்கடா?”

“எடுத்துட்டாங்கண்ணே.”

“யாரு?”

“எந்த ஊருன்னு கேட்டுட்டேண்ணே.”

“கேட்டியா? என்ன சொன்னான்?”

“நகதோவான்னான். அங்க நிக்கிற எல்லாருமே நகதோவா ஆளுங்கதானாம்.”

அபொரோசாவின் வயிறு முதலில் சிரிப்பில் குலுங்கியது, பிறகு தோள், பிறகு மொத்த உடம்பும். அவரும் வைலோலோ. அந்தக் கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததே அவருடைய மைத்துனன் என்பதால் எல்லோருமே வைலோலோ.

“மூணு மாசம்டா! மூணு மாசமா அந்தப் பயலுவள முறைச்சி முறைச்சி எனக்குக் கண்ணு வலி வந்துபோச்சு. இத மொத நாளே கேட்டிருந்தா என்னடா உனக்கு?”

“விதி இருக்கேண்ணே.”

“விதியா? நம்ம பானைய நகதோவாக்காரன் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டிருக்கான், நீ விதி பேசுற!” அவர் டெல்போர்ட் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றார். “சார், ஒண்ணும் பயமில்ல சார். சாயங்காலம் நாங்க பாத்துக்கறோம்.”

சாயங்காலம் பார்த்துக்கொண்டார்கள். ஆறு பேர் போய்ச் சிவப்புப்பூக் கம்பெனியின் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே, கம்பத்தில் காற்றின் திசை பார்க்கத் தொங்கும் துணிப் பையையும் அவிழ்த்து வந்தார்கள். அதில் அபொரோசா தேங்காய் போட்டு வைத்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் வழி விட்டு, விளக்குப் பிடித்து, “பாத்துத் தூக்கு மச்சான், உங்க வம்சத்துக்கே இடுப்பு கிடையாது” என்று வழியனுப்பினார்கள்.

டெல்போர்ட் தன் தலைமையகத்துக்கு, கெட்டில் பறிபோனது என்று எழுதக் கூசி, ‘கொதிநீர்க் கலன்’ என்று எழுதினார். தலைமையகம் அதை ‘நீராவி சார்ந்த தளவாடம்’ என்று அமைச்சகத்துக்குச் சொன்னது. அமைச்சகத்தின் பேச்சாளர் வடக்கு நாட்டுத் தொலைக்காட்சியில் தோன்றி, கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த அனல் நிலையம் ஒன்று கைப்பற்றப்பட்டதாக ஆழ்ந்த கவலை தெரிவித்தார். தெற்கு நாடு சும்மா இருக்குமா? தன்னுடைய மின் நிலையமும் வானிலை ஆய்வு மையமும் சூறையாடப்பட்டதாக அறிவித்தது. இரண்டு அறிக்கைகளும் ஒரே மாதிரி முடிந்தன: தொலேவாவில் எங்கள் வீரர் ஒருவர்கூட இல்லை.

வியாழக்கிழமை காலையில் டெல்போர்ட் கெலேபியை மட்டும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நாற்காலி இல்லாததால் தண்ணீர் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தார்.

“வடக்குத் தலைநகர்லருந்து அனுமதி வந்தாச்சு. இனிமே அந்தக் கயித்தத் தாண்டி எவன் வந்தாலும் சுடணும். நாளைக்கு மதியம் துறைமுக கேட்டுல நீதான் நிக்கிற.”

“நானா சார்?”

“நீதானே பேச்ச ஆரம்பிச்ச? நீயே முடி.”

“சார், அவங்க சண்டைக்கு வரல சார். அது ஒரு மொறை. எங்க ஊருல...”

“எனக்கு உங்க ஊரு வேணாம். உன்னால முடியலன்னா சொல்லிரு. உங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்பிட்டு வேற நாட்டு ஆளுங்கள இறக்குவேன். கப்பல் ரெண்டு நாள் தூரத்துலதான் இருக்கு. அவங்க யார்கிட்டயும் ஊரு கேக்க மாட்டாங்க.”

கெலேபி வெளியே வந்தான். எதையும் வரிசையாக யோசிப்பதுதான் அவன் வழக்கம். தான் மாட்டேன் என்றால் கப்பலில் வருகிறவர்கள் சகேயாசியைச் சுடுவார்கள். தான் சரி என்றால் தானே சுட வேண்டும். வராதே என்று சகேயாசியிடம் சொல்லிவிட்டால்? தௌவைப் பார்த்து வராதே என்று சொல்வது, கோபம் வந்துவிட்டது என்று சொல்வதுதான். அதைக் கேட்டால் அவன் தனியாக வரமாட்டான், இருபது பேரோடு வருவான். நகதோவாவின் மானம் அது. நான்காவது வழி ஒன்று இருக்கும் என்று யோசித்தான். தட்டுப்படவில்லை. ஊர் கேட்ட நாக்கை என்ன செய்தால் தகும் என்று மட்டும் தோன்றியது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல வகுப்புக்குப் போனான். உயர்நிலைப் பள்ளியில் செவ்வாயும் வியாழனும் ‘வெளியுறவுக் கொள்கை: ஒரு தொடக்கம்’ நடத்துபவர் மெலேனா டீச்சர். பகலில் தொலேவாவின் வெளியுறவுத் துறை அவர்தான். துறை என்றால் அவரும் ஒரு மேசையும் ஒரு சைக்கிளும். வகுப்பில் ஐந்து பேர். அன்று அவர் அலுத்துப்போய் வந்திருந்தார்.

“காலைல வடக்குத் தூதர் வந்து என்னைத் திட்டினார். மதியம் தெற்குத் தூதர் வந்து திட்டினார். ரெண்டு பேருமே, எங்க ஆளுங்க யாரும் இங்க இல்ல, ஆனா எங்க ஆளுங்களுக்கு ஏதாச்சும் ஆனா நீங்கதான் பொறுப்புங்கிறாங்க. சரி, பாடத்துக்கு வருவோம். பலச் சமநிலை.”

கெலேபி கையைத் தூக்கினான்.

“டீச்சர், ஒரு நாடு சுடணும்னு முடிவு பண்ணுது. சுடுறவன் வேற நாட்டுக்காரன். அவன் சுடப்போறது அவன் மச்சானை. அந்த மச்சான் இன்னொரு நாட்டுக்காக வரான். இது நடக்குறது மூணாவது நாட்டுல. இது எந்தப் பாடத்துல வரும்?”

மெலேனா புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போனார்.

“பத்தொன்பதாவது பாடத்துல வரணும்பா. நம்ம புத்தகம் பதினெட்டோட முடிஞ்சிடுது.”

வகுப்பு முடிந்து திரும்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. சகேயாசி கயிற்றருகே நின்று, கெலேபியின் கெட்டிலில் கெலேபியின் தேயிலையைப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தான்.

“வா மச்சான். உங்க டீ கழனித்தண்ணி மாதிரி இருக்கு. நல்ல தூளா வாங்கி வைக்கக் கூடாதா? திருட வரவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?”

“நாளைக்கு என்ன எடுக்கப் போறீங்க?”

“அத சொல்லிட்டா வருவாங்க? ஏன், மொகம் ஒரு மாதிரி இருக்கு? கோவமா?”

“கோவமில்ல.”

“அப்ப சரி.”

“சுடச் சொல்லியிருக்காங்க.”

சகேயாசி டீயைக் குடித்து முடித்தான். “எங்களுக்கும்தான். நீங்க வந்தா சுடணுமாம். இன்னிக்குக் காலைல சொன்னாங்க.”

“நாளைக்கு வரப்போறது நீங்க. கேட்டுல நிக்கிறது நான்.”

“சுடுவியா?”

கெலேபிக்குத் தெரியவில்லை.

“இங்க பாரு,” என்றான் சகேயாசி, “நீ சுட்டு நான் செத்தேன்னு வையி. என் சாவுக்கு மொறை செய்ய யாரு வரணும்? நீதான் வரணும். தௌவு வந்து கலாட்டா பண்ணாம எங்க ஊருல பொணத்தத் தூக்க மாட்டாங்க. எங்கம்மா அழுதுட்டு உக்காந்திருக்கும், நீ மொகத்துல கரி பூசிட்டு வந்து பாயச் சுருட்டிட்டு ஓடணும். குழிக்குள்ள எறங்கி, இது என் எடம், உனக்குத் தரமாட்டேன்னு படுத்துக்கணும். எங்கம்மா அழுகைய நிறுத்திட்டுச் சிரிக்கற வரைக்கும் பண்ணணும். பண்ணுவியா?”

“சும்மா இரு.”

“நல்லா பண்ணணும் மச்சான். எங்கம்மா லேசுல சிரிக்காது.”

கெலேபி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்றில் கயிறு ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டெல்போர்ட் சொன்ன வாக்கியத்தை மனசுக்குள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பார்த்தான். கயித்தத் தாண்டி எவன் வந்தாலும். கயித்த. தாண்டி.

“சகேயாசி, எங்க சாமான்ல எது வேணும்னாலும் நீங்க எடுக்கலாம்தானே?”

“என்ன புதுசா கேக்குற?”

“இந்தக் கயிறு எங்க கம்பெனி கயிறு. நாங்கதான் வாங்கிக் கட்டினோம்.”

சகேயாசி கயிற்றைப் பார்த்தான். கெலேபியைப் பார்த்தான். தாடிக்குள் மெதுவாகப் பல் தெரிந்தது.

“வைலோலோக்காரனுக்கு மூளை கிடையாதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு,” என்றான். “செத்துட்டாரு. இல்லன்னா போயிச் சொல்லுவேன்.”

வெள்ளிக்கிழமை மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. டெல்போர்ட் கன்டெய்னர் கூரை மேல் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். கேட்டில் கெலேபி நின்றான். துப்பாக்கியில் உண்மையான குண்டு. அவனுக்குப் பின்னால் அபொரோசாவும் மற்றவர்களும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்; சிரிப்பை அடக்குகிறார்களா பயத்தை அடக்குகிறார்களா என்று அவர்களுக்கே தெரியாத முகம்.

சிவப்புப்பூ ஆட்கள் மொத்தமாக வந்தார்கள். கயிற்றருகே வந்ததும் நின்றார்கள். சகேயாசி ஒரு தென்னைமரத்துக்குப் போய் முடிச்சை அவிழ்த்தான். இன்னொருவன் மறுமுனையை அவிழ்த்தான். பிறகு இரண்டு பேரும் கயிற்றை நெஞ்சு உயரத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். மற்றவர்கள் கயிற்றுக்குப் பின்னாலேயே, ஓர் அங்குலமும் முந்தாமல், சாமி ஊர்வலத்தில் வருகிற மாதிரி வந்தார்கள்.

“என்ன நடக்குது அங்க?” என்று மேலிருந்து டெல்போர்ட் கத்தினார். “தாண்டிட்டாங்களா?”

“இன்னும் தாண்டல சார்,” என்றான் கெலேபி.

“கிட்ட வந்துட்டாங்கடா!”

“கயிறும் வருது சார்.”

பாதி தூரத்தில் புல் மழைநீர் ஊறிச் சேறாக இருந்தது. சகேயாசியின் கால் வழுக்கியது. கயிறு தொய்ந்து தரையில் விழுந்தது. விழாமல் இருக்க அவன் ஒரு காலை எட்டி வைத்தான். அந்தக் கால் மஞ்சள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊன்றி நின்றது.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“தாண்டிட்டான்! நான் பாத்தேன்! சுடு!”

கெலேபியின் துப்பாக்கி தானாக எழும்பியது. அவன் தூக்கியதாக அவனுக்கு ஞாபகமில்லை. பயிற்சியில் கைக்குப் பழகிப்போனது அது. குறிமுனைக்கு நேரே ஒரு சிவப்புச் செம்பருத்தி வந்து நின்றது. விரல் விசையில் இருந்தது. சகேயாசி சிரிக்கவில்லை. இந்த மூன்று நாளில் அவன் சிரிக்காமல் கெலேபி பார்த்தது அப்போதுதான்.

கெலேபியின் கண் கீழே இறங்கியது. சகேயாசியின் காலைப் பார்த்தான். நாடாவின் முனை பிய்ந்து, தான் முடிச்சுப் போட்டு வைத்திருந்த இடம் தெரிந்தது.

“சார்,” என்றான். மறுபடி சத்தமாகச் சொன்னான். “சார், அது என் பூட்ஸு சார்!”

“என்னது?”

“தாண்டினது என் பூட்ஸு. கம்பெனி குடுத்தது. நம்ம சொத்து சார். நம்ம சொத்து திரும்பி வந்தா சுடச் சொல்லி உத்தரவு இல்ல சார்!”

கூரை மேலிருந்து டெல்போர்ட் கையேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“அந்த பூட்ஸுக்குள்ள கால் இருக்குல்ல!”

“கால் பூட்ஸுக்குள்ள இருக்கு சார். தரையில பூட்ஸுதான் இருக்கு.”

அபொரோசா தன் சின்னக் குரலில் சொன்னார்: “பையன் சொல்றது சரிதான் சார். சுட்டா பூட்ஸு சேதமாகும். அப்புறம் யாரு பதில் சொல்றது?”

டெல்போர்ட் இன்னொரு பக்கத்தைப் புரட்டுவதற்குள் சகேயாசி காலை இழுத்துக்கொண்டு, கயிற்றைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துவிட்டான். ஊர்வலம் மறுபடி கிளம்பியது. கெலேபியிடம் வந்ததும் கயிறு உயர்ந்து அவன் தலைக்கு மேலாகப் போனது. சகேயாசி அவனைக் கடக்கும்போது மெதுவாக, “மூத்திரமே வந்துடுச்சு மச்சான்,” என்றான். “எனக்கும்,” என்றான் கெலேபி.

கயிறு கேட்டைத் தாண்டியது. நீலப்பூ ஆட்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து வழி விட்டார்கள். கன்டெய்னர் குறுக்கே வந்தபோது இரண்டு மூங்கிலால் கயிற்றைத் தூக்கி மேலாகக் கொண்டுபோனார்கள். முகத்துக்கு நேரே வந்த கயிற்றைப் பார்த்து டெல்போர்ட்டும் குனிந்தார், வேறு வழியில்லை. கடைசியில் கடலோரமாகக் கப்பல் கட்டும் இரும்புக் குற்றிகள் இரண்டில் அதை இறுக்கிக் கட்டிவிட்டு, நகதோவாக்காரர்கள் மூச்சு வாங்கினார்கள். யாரும் கோட்டைத் தாண்டவில்லை. கோடுதான் எல்லோரையும் தாண்டிவிட்டுப் போயிருந்தது.

டெல்போர்ட் கூரையிலிருந்து இறங்கி வந்தார். தன்னைச் சுற்றி எல்லாம் சிவப்புப் பூவாக இருப்பதைப் பார்த்தார்.

“இப்ப நாம எங்க இருக்கோம்?” என்று கேட்டார்.

“அவங்க எல்லைக்குள்ள சார்,” என்றார் அபொரோசா.

“அப்ப அந்தப் பக்கம், விமானத் தளத்துல யாரு?”

“அவங்க மேனேஜர் மட்டும் சாப்ட்டுட்டிருப்பாரு சார். மத்தவங்க எல்லாரும் இங்கதான இருக்காங்க.” அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “டேய், நம்ம முறைடா!”

நீலப்பூ ஆட்கள் இருபது பேரும் துள்ளிக்கொண்டு ஓடினார்கள். போகும் வழியில் தடுக்க ஒரு கோடும் இல்லை. சிவப்புப்பூக் கம்பெனியின் மேனேஜர் மீன் வறுவலைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றார். அவருடைய தட்டு உட்பட விமானத் தளத்தை முழுதாக எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலச் செய்தியில் வடக்கு நாடு, எதிரியின் விமானத் தளம் உயிர்ச்சேதமின்றிக் கைப்பற்றப்பட்டது என்று அறிவித்தது. அரை மணி கழித்துத் தெற்கு நாடு, எதிரியின் துறைமுகம் உயிர்ச்சேதமின்றிக் கைப்பற்றப்பட்டது என்று அறிவித்தது. இரண்டு தலைநகரங்களிலும் பங்குச் சந்தை லேசாக ஏறியது. சுடும் உத்தரவை இரண்டு நாடுகளும் திரும்பப் பெற்றுக்கொண்டன. வென்ற இடத்தில் எதற்குச் சுட வேண்டும்? டெல்போர்ட்டுக்குத் தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. அதை அவர் இரண்டு முறை படித்தார். அதில் அவரை மேஜர் என்று குறிப்பிட்டிருந்தார்கள். கப்பலில் வந்துகொண்டிருந்த வேறு நாட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

கெலேபி ஓடுபாதையின் ஓரத்தில் உட்கார்ந்து துப்பாக்கியிலிருந்து குண்டுகளை வெளியே எடுக்கப் பார்த்தான். வரவில்லை. அபொரோசா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் துப்பாக்கியை வாங்கி, தானே எடுத்துக் கொடுத்தார்.

“அண்ணே, நாடா முடிச்சு கண்ணுல படலன்னா?”

“பட்டுச்சுல்ல.”

“படலன்னா?”

அபொரோசா வானத்தைப் பார்த்தார். “எனக்கு மட்டும் தெரியுமாடா?” என்றார்.

அப்போது மெலேனா டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீலப் பூச் சட்டைகளைப் பார்த்தார். வழி தவறிவிட்டோமோ என்று திரும்பித் துறைமுகத்தைப் பார்த்தார். அங்கே சிவப்புப் பூ.

“இப்ப இந்தத் தளத்தைப் பாத்துக்கறது யாரு?”

“நாங்கதான் டீச்சர்,” என்றான் கெலேபி.

“யாருக்காக?”

கெலேபி அபொரோசாவைப் பார்த்தான். அபொரோசா பக்கத்துத் தென்னையில் தொங்கிய தேங்காயைப் பார்த்தார். தளம் தெற்கு நாட்டினுடையது. சம்பளம் வடக்கு நாட்டினுடையது. மண் தொலேவாவினுடையது.

“சரி விடு,” என்றார் மெலேனா. “அத அடுத்த வாரம் வகுப்புல பேசலாம். நாளைக்குக் காலைல ரெண்டு நாட்டுலருந்தும் பெரிய ஆளுங்க ஒரே விமானத்துல வராங்க. ரெண்டு பேரும் ஜெயிச்சதுக்கு விழாவாம். என்னை மாலையோட வந்து நிக்கச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஒரே ஒரு கவலைதான். விமானம் வரதுக்கு முன்னாடி ஓடுபாதைய யாராச்சும் காலி பண்ணணும். இத்தனை நாளா சிவப்புப்பூ ஆளுங்க செஞ்சாங்க.”

“எத காலி பண்ணணும் டீச்சர்?”

அவர் கையைக் காட்டினார். ஓடுபாதையின் அந்தக் கோடியில் பதினைந்து இருபது பன்றிகள் சூடான தாரில் வயிற்றைப் போட்டுப் படுத்திருந்தன.

அன்று இரவு கெலேபி நோட்டைத் திறந்து, எதிராளி மேனேஜரின் கட்டிலில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். நடந்ததை எழுத வரவில்லை. கடைசியில் இதை மட்டும் எழுதினான்:

நாளை, சனி. விமானம் எட்டு மணிக்கு. ஏழுக்குள் ஓடுபாதையிலிருந்து பன்றிகளை விரட்ட வேண்டும்.